சத்தத்தை அளந்து பிழைப்பது: கொழும்பில் ஒலியியல் ஆலோசகராகத் தொடங்குபவருக்கு

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி. மூன்றாம் மாடியில் இருந்த அம்மா ஆறு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. கீழே இருக்கும் ஜெனரேட்டர்தான் காரணம் என்றார். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய பெரிய ஜெனரேட்டர் அது. முகாமைத்துவக் குழு அதற்கு ஒரு கூடு கட்டி, உள்ளே பஞ்சு அடைத்து, நிறையச் செலவழித்துவிட்டது. சத்தம் போகவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் அவரிடம் ஒரு கேள்விதான் கேட்டேன்: "அம்மா, கரண்ட் இருக்கிற இரவிலும் இந்தச் சத்தம் கேட்குமா?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம் தம்பி, இப்பவும் கேட்குதே" என்றார். ஜெனரேட்டர் அப்போது ஓடவில்லை. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், மெல்ல அதிர்ந்தது. மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பின் குழாயை அந்தச் சுவரோடு சேர்த்து இரும்புப் பட்டியால் இறுக்கியிருந்தார்கள். பட்டிக்குள் றப்பர், பம்புக்கு அடியில் ஸ்பிரிங், குழாயில் ஒரு வளையும் இணைப்பு போடச் சொன்னேன். இரண்டு நாள் வேலை, அவ்வளவுதான்.

ஒலியியல் ஆலோசகர் என்றால் என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்கு, கொழும்பில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: எங்கிருந்து வருகிறீர்கள் என்று பாருங்கள்

இந்த வேலைக்கு ஒரே வாசல் கிடையாது. இயந்திரப் பொறியியல், சிவில், கட்டடக்கலை, பௌதிகவியல், ஏன், ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடச் சேவைகள் பொறியியலில் முதுமாணி படித்தவர்களுக்குக் குளிரூட்டிக் குழாய்களின் சத்தம் எளிதாகப் பிடிபடும். பௌதிகவியல் படித்தவர்களுக்குக் கணக்கு பயமில்லை. ஆனால் ஒரு கட்டட வரைபடத்தைக் கையில் கொடுத்தால் சுவர் எது, தூண் எது என்று திணறுவார்கள். எதில் நீங்கள் பலவீனமோ அதை முதல் வருடத்திலேயே நிரப்பிவிடுங்கள்.

சான்றிதழ் வேண்டுமென்றால், 1974இல் தொடங்கிய பிரித்தானிய ஒலியியல் நிறுவனம் நடத்தும் ஒலியியல், இரைச்சல் கட்டுப்பாட்டு டிப்ளோமாவைப் பாருங்கள். தொலைக்கல்வியாகவும் படிக்கலாம். வளைகுடா நாடுகளுக்கோ சிங்கப்பூருக்கோ விண்ணப்பிக்கும்போது அது கைகொடுக்கும். ஆனால் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் கழித்துப் படித்தால்தான் பாடம் மண்டையில் ஏறும். முதலிலேயே படிப்பது தண்ணீர் இல்லாமல் நீச்சல் பழகுவது மாதிரி.

இரண்டாம் படி: மனக்கணக்கு

மென்பொருள் பிறகு. முதலில் சில எண்கள் நாவில் நிற்க வேண்டும்.

டெசிபெல் மடக்கைக் கணக்கு. 60 டெசிபெல் தரும் ஓர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்றை வைத்தால் 120 வராது, 63தான் வரும். மறுபக்கமாகப் பார்த்தால், இரண்டு குளிரூட்டிகளில் ஒன்றை நிறுத்தியும் அயல்வீட்டுக்காரர் "ஒன்றும் குறையவில்லையே" என்பது ஏன் என்று புரியும். 3 டெசிபெல் குறைந்ததைக் காது அரும்பொட்டாகத்தான் உணரும். சத்தம் பாதியானதுபோல் தோன்ற ஏறக்குறைய 10 குறைய வேண்டும். திறந்த வெளியில் ஒற்றை இயந்திரத்திலிருந்து தூரத்தை இரட்டிப்பாக்கினால் 6 குறையும். கொழும்பு-காலி வீதியின் வாகன இரைச்சல் மாதிரி நீண்டு கிடக்கும் சத்தத்துக்கு 3 மட்டுமே.

அப்புறம் ஓட்டைக் கணக்கு. 50 டெசிபெல் தடுக்கக்கூடிய நல்ல சுவர் ஒன்றில், அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மொத்தச் சுவரும் 20 டெசிபெல்தான் தடுக்கும். கதவின் கீழ் இடுக்கு, மின்வயர் போகும் துளை, சீலிங்குக்கு மேலே மூடாமல் விட்ட சுவர், எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. கட்டட வேலை செய்யும் பாஸ்மாரிடம் இதை எப்படிச் சொல்வது? "தண்ணீர் ஊற்றினால் எங்கே ஒழுகுமோ, அங்கே சத்தமும் ஒழுகும்" என்று சிங்களத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். உடனே பிடித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, மீடிறன், அதாவது ஒலி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது. உயர்தரத்தில் படித்ததுதான். 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீற்றர். இரண்டு அங்குலப் பஞ்சு அதை ஒன்றும் செய்யாது. நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் டீசல் ஜெனரேட்டர் 50 ஹேர்ட்ஸில் உறுமும். ஆறு சிலிண்டர் என்றால் 75. மின்மாற்றி 100இல் ரீங்காரமிடும். ஒலிமானியில் மீடிறன் வரைபடத்தைப் பார்த்தவுடனே குற்றவாளி யாரென்று பாதி தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு

இந்த ஒன்றில்தான் வாடிக்கையாளர், கட்டடக்கலைஞர், பொருள் விற்பவர் எல்லோரும் குழம்புகிறார்கள். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் பக்கத்து வீட்டுச் சத்தம் நிற்கும் என்று இன்னும் நம்புகிறார்கள். ஸ்பொஞ்சு, பஞ்சு, துணி, தும்பு எல்லாம் அறைக்குள்ளேயே சுற்றும் சத்தத்தை உறிஞ்சும். பக்கத்து அறைக்குப் போவதைத் தடுக்க நிறை வேண்டும், இடைவெளி வேண்டும், இடுக்கில்லாமல் அடைக்க வேண்டும்.

ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். கொழும்பில் தமிழர் கல்யாணங்கள் நடக்கும் மண்டபங்களில் பல இப்படித்தான்: தரையில் டைல், பூசிய சுவர், கொங்கிரீட் கூரை. 20 மீற்றர் நீளம், 12 அகலம், 5 உயரம் என்று வையுங்கள். கனவளவு 1200 கனமீற்றர். மேற்பரப்பு 800 சதுரமீற்றர். அந்தப் பரப்பெல்லாம் சத்தத்தில் நூற்றுக்கு 4 பங்குதான் உறிஞ்சும் என்றால், மொத்த உறிஞ்சல் 32 சதுரமீற்றர். சத்தம் நின்றபின் அதன் முழக்கம் அறைக்குள் அடங்க எடுக்கும் நேரத்தைத்தான் எதிர்முழக்க நேரம் என்கிறோம். சபைனின் சூத்திரப்படி அது 0.161ஐ 1200ஆல் பெருக்கி 32ஆல் வகுக்க வருவது. 6 விநாடி! ஐயர் சொல்லும் மந்திரத்தின் முதல் சொல் அடங்குமுன் பத்தாவது சொல் வந்துவிடும். தவில் அடித்தால் கேட்கவே வேண்டாம்.

ஆட்கள் வந்து நிறைந்தால் நிலைமை மாறும். ஒருவர் ஏறக்குறைய அரைச் சதுரமீற்றர் உறிஞ்சுவார். 200 பேர் என்றால் இன்னொரு 100. நேரம் ஒன்றரை விநாடிக்கு இறங்கும். அதனால்தான் வெறும் மண்டபத்தில் ஒலிபெருக்கியைப் பரிசோதித்துவிட்டு "சிஸ்டம் சரியில்லை" என்று முடிவெடுக்கக் கூடாது. மண்டபக்காரர்கள் பெரும்பாலும் செய்வது அதைத்தான். பழைய ஸ்பீக்கரைக் கழற்றிப் பெரிய ஸ்பீக்கர் போடுவார்கள். மண்டபம் இன்னும் அதிகமாக முழங்கும். சீலிங்கில் நல்ல உறிஞ்சு பலகை போட்டாலே வெறும் மண்டபம்கூட 1 விநாடியளவுக்கு வந்துவிடும். அந்த ஸ்பீக்கர் காசில் இதைச் செய்திருக்கலாம். (வாலஸ் சபைன் 1895இல் ஹாவர்டில் ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யப் போய், இரவிரவாக இருக்கை மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு திரிந்துதான் இந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். நம் தொழிலில் பாரம் தூக்குவது அன்றிலிருந்தே உண்டு.)

பாடசாலை வகுப்பறை வேலை வந்தால் உலக சுகாதார நிறுவனம் 1999இல் தந்த எண்களை வைத்துத் தொடங்குங்கள்: பின்னணிச் சத்தம் 35 டெசிபெல், எதிர்முழக்கம் 0.6 விநாடி. ஆனால் ஜன்னல் திறந்தபடி இருக்கும் நம் வகுப்பறைக்கு வீதிப்பக்கமாக 35 கிடைக்காது. திறந்த ஜன்னல் 10 முதல் 15 டெசிபெல் வரைதான் குறைக்கும். அதை மறைக்காமல் அதிபரிடம் சொல்லிவிட்டு, எதிர்முழக்கத்தையாவது சரிசெய்யலாம் என்று விளக்குங்கள். தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தையும் மறக்காதீர்கள். வெளிநாட்டுப் பாடநூல்கள் அதை ஒரு பந்தியில் கடந்துவிடும், இங்கே அது வருடத்தில் பாதிப் பாடத்தை விழுங்கிவிடும்.

நான்காம் படி: சட்டத்தை வரியாக வாசியுங்கள்

யாரோ தயாரித்த அட்டவணையைக் கைபேசியில் வைத்திருந்தால் போதாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996 மே மாதம் வந்த இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளை, 924/12 இலக்க அதிவிசேட வர்த்தமானியை, எடுத்து முழுதாக வாசியுங்கள். மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் பகலில் 63, இரவில் 50 டெசிபெல். பிரதேச சபைப் பகுதிகளில் 55, 45. கைத்தொழில் வலயங்களில் 70, 60. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் போன்றவற்றைச் சுற்றியுள்ள 100 மீற்றர் அமைதி வலயம். அங்கே 50, 45. கட்டட நிர்மாண வேலைக்குப் பகலில் 75, இரவில் 50.

இதில் புதியவர்கள் சறுக்கும் இடம் எது தெரியுமா? அந்த விதிகளில் பகல் என்பது காலை 6 முதல் மாலை 6 வரை. மாலை 6 மணிக்கே இரவு தொடங்கிவிடும். இரவு 10 மணி என்று எல்லோர் மனதிலும் இருப்பது ஒலிபெருக்கிகள் பற்றி 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னதிலிருந்து வந்தது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற உத்தரவு அது. இரண்டையும் குழப்பி எழுதிய அறிக்கை ஒன்றை, ஒரு கூட்டத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இரண்டே நிமிடத்தில் கிழித்ததைப் பார்த்திருக்கிறேன். (என் அறிக்கை இல்லை. ஆனால் அன்று இரவே என்னுடைய பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன்.)

எல்லைக்கோட்டில் அளக்கச் சொல்கிறது விதி. கொழும்பில் இரண்டு கட்டடங்களுக்கு இடையில் ஒரு பூனை போகும் இடைவெளிதான் இருக்கும். எங்கே நின்று அளந்தீர்கள், சுவர் எத்தனை மீற்றர் தூரத்தில் இருந்தது என்பதை எழுதிவைக்காவிட்டால் உங்கள் எண்ணுக்கு மதிப்பில்லை.

ஐந்தாம் படி: முதல் இரவு அளவீடு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

கைபேசி செயலி கூட்டத்தில் காட்டுவதற்குச் சரி, அறிக்கைக்கு ஆகாது. முதல் வகுப்பு ஒலிமானி வேண்டும், அதோடு 94 டெசிபெல் ஒலி எழுப்பும் அளவுதிருத்தி. தொடங்குமுன் அதை மைக்கில் மாட்டி, மானி சரியாக 94 காட்டுகிறதா என்று பாருங்கள். முடிந்த பின்னும் பாருங்கள். இரண்டு எண்களையும் எழுதுங்கள். என் இரண்டாம் வருடத்தில், தெமட்டகொடைப் பக்கம் ஒரு தொழிற்சாலை மதிலோரம் இரவு முழுக்க நுளம்புக்கடி வாங்கிக்கொண்டு அளந்தேன். காலையில் வீட்டுக்கு வந்துதான், முடிவுப் பரிசோதனையைச் செய்யவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மூத்தவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "இன்றிரவும் போங்கோ" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

காற்றுத்தடுப்புப் பந்து போட்டிருந்தாலும் காற்று விநாடிக்கு 5 மீற்றரைத் தாண்டினால் அளவீட்டை நம்ப முடியாது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் மரைன் டிரைவ் பக்கம் இதனாலேயே பல மாலைகள் வீணாகும். கடற்கரை ரயில் வரும் நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணியளவில் காகங்கள் தொடங்கும். அதற்குப் பிறகு பின்னணி அளவு என்று எதையும் எழுத முடியாது. ஹோமாகம, பாதுக்கைப் பக்கம் போனால் இரவில் பூச்சிகளின் சத்தம் உயர் மீடிறனில் ஏறிநிற்கும். மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் தொழிற்சாலை செய்யாத குற்றத்தைத் தொழிற்சாலையின் தலையில் கட்டிவிடுவீர்கள். ஒருநாள் பின்னணி பதிவில் தெளிவாக ஒரு பீத்தோவன். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோ. நேரத்தைக் குறித்து, அந்த இரண்டு நிமிடத்தைக் கழித்தேன்.

நேரம், காற்று, யார் வந்தார்கள், எந்த நாய் குரைத்தது எல்லாம் குறிப்புப் புத்தகத்தில் பேனாவால் எழுதப்பட வேண்டும். ஒலியையும் பதிவு செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து "அன்று 2.14க்கு ஏன் 71?" என்று ஒருவர் கேட்பார். கேட்காமல் இருக்கமாட்டார்.

இன்னொன்று: சத்தம் செய்பவருக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் அன்று இயந்திரம் பூனை மாதிரி ஓடும். சொல்லாமல் போனால் காவலாளி விடமாட்டார். அயல்வீட்டு மாடியில் அனுமதி வாங்குவதுதான் வழி. அதற்கு அந்த வீட்டில் ஒரு பிளேன்டீ குடிக்கவேண்டி வரும். குடியுங்கள். அந்த அரைமணி நேரத்தில் கிடைக்கும் தகவல் எந்த மானியிலும் கிடைக்காது.

ஆறாம் படி: அறிக்கை

அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் அதை வாசித்து முடிவெடுப்பவர் பெரும்பாலும் முதல் பக்கத்துக்கு மேல் போகமாட்டார். முதல் பக்கத்தில் மூன்றே விடயம்: அளந்தது எவ்வளவு, இருக்க வேண்டியது எவ்வளவு, என்ன செய்ய வேண்டும். மிச்சமெல்லாம் பின்னால்.

"இந்த 54ஐ 50 ஆக்க முடியாதா?" என்று கேட்பார்கள். தொலைபேசியில்தான் கேட்பார்கள், எழுத்தில் கேட்கமாட்டார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "எண்ணை மாற்றமுடியாது ஐயா, இயந்திரத்தை மாற்றலாம். எப்படி என்று இரண்டாம் பக்கத்தில் போட்டிருக்கிறேன்." சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆளிடம் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர், பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்கு விடயம் போனபின், என்னையே மீண்டும் தேடி வந்தார். கொழும்பில் இந்தத் துறை சின்ன வட்டம். யார் எண்ணை வளைப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும், அதிகாரிகளுக்கும்.

பொருள் விற்பவர்கள் தரும் கொமிஷனும் இதே கதைதான். ஒருமுறை வாங்கினால் அதற்குப் பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு பலகையின் பெயரிலும் சந்தேகம் ஒட்டிக்கொள்ளும். பொருளின் பெயரைப் போடாமல் அதன் உறிஞ்சல் எண்ணையும் தடிப்பையும் நிறையையும் மட்டும் எழுதுங்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு வந்த வருடங்களில் அந்தப் பழக்கம்தான் பல வேலைகளைக் காப்பாற்றியது. ஒரு பொருள் கிடைக்காதபோது அதே எண்ணுள்ள இன்னொன்றைப் போட முடிந்தது.

ஏழாம் படி: வேலை தேடுவதும் காசும்

"ஒலியியல் ஆலோசகர் தேவை" என்ற விளம்பரத்துக்காகக் காத்திருந்தால் வயதாகிவிடும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள், கட்டடச் சேவைகள் பொறியியல் நிறுவனங்கள், அரங்கு ஒலியமைப்புச் செய்பவர்கள், இந்த மூன்று இடத்திலும் கதவைத் தட்டுங்கள். சுயவிபரக் கோவையோடு நீங்களே செய்த ஒரு சின்ன வேலையை இணையுங்கள்: உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்திலோ ரியூஷன் வகுப்பிலோ பலூன் உடைத்து எதிர்முழக்கம் அளந்து, இரண்டு பக்கத்தில் எழுதியது. நான் ஆள் எடுக்கும்போது பட்டத்தைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பேன்.

நியமனக் கடிதத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனத்தின் 3 வீதமும் இருக்கிறதா என்று பாருங்கள். இரவு அளவீட்டுக்கு மேலதிகக் கொடுப்பனவும், வீடு திரும்ப வாகனமும் உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பெண்கள் இந்த வேலைக்கு வந்தால் இரவில் இரண்டு பேராகப் போவதை நிபந்தனையாகவே வையுங்கள். ஆண்களும் வைக்கலாம், கெட்டுப்போகாது.

இரண்டு மூன்று வருடத்தில் டுபாய் ஆசை வரும். போகலாம், பெரிய கட்டடங்கள், நல்ல மேற்பார்வை, சம்பளம். ஆனால் அங்கே சிலர் ஐந்து வருடம் ஒரே மென்பொருளில் ஒரே மாதிரி ஹோட்டல் சுவரைக் கணக்கிட்டுக்கொண்டே இருப்பார்கள். கோயில் மணியும் தண்ணீர்ப் பம்பும் ஓட்டோவும் ஒரே நாளில் வருவது இங்கேதான்.

உங்கள் காதையும் கவனியுங்கள். வருடம் ஒருமுறை கேட்டல் பரிசோதனை. ஜெனரேட்டர் அறைக்குள் "ஒரு நிமிடம்தானே" என்று காதடைப்பு இல்லாமல் போகாதீர்கள்.

தனியாகத் தொழில் தொடங்கினால் முன்பணம் பாதி வாங்குங்கள், அறிக்கையைக் கொடுக்குமுன் மீதி. அயலவர் சண்டையில் வேலை செய்தால் முடிவு பிடிக்காத தரப்பு காசு தராது. மழைக்கு அளக்க முடியாது என்பதால் விலைமனுவிலேயே மாற்றுத் திகதியையும், இரண்டாம் முறை வருவதற்கான கட்டணத்தையும் எழுதிவிடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் ஒப்புக்கொள்ளும் வேலைகளுக்கு இரண்டு மாற்றுத் திகதி போடுவேன் நான்.